தோட்டப்பட்டணத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வாழும் கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, யாராக இருந்தாலும் சரி. ஊரைச் சுற்றிச் செம்பனை, நடுவில் பழைய கடைத்தெரு, வரிசை வரிசையாகத் தாமான் (குடியிருப்பு) வீடுகள், பிள்ளைகளில் பாதிப் பேர் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ. இங்கே நீங்கள் யாரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசினாலும் நாளைக் காலையில் அவரை அதே ஒட்டுக்கடையில் பார்ப்பீர்கள். அவருடைய தாத்தாவும் உங்கள் தாத்தாவும் ஈவூட் தோட்டத்திலோ எல்பில் தோட்டத்திலோ ஒரே பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) நின்றிருப்பார்கள், உங்கள் தங்கையை அவர் தம்பி கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பேசி ஜெயித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற வசதி நமக்குக் கிடையாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதிலும் பெரும்பகுதி சபா, சரவாக்கில். தீபகற்பத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் என்றால் ஒரு கைப்பிடி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிறிஸ்தவத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் உங்கள் குடும்பமும் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வீடியோவும்தான், அவ்வளவுதான் நிலவரம்.

நான் சொல்லப்போகிற வழிக்கு ஒரே ஒரு விதிதான்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், ஒளிக்காமல் முழுதாகச் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்காதீர்கள். 1 பேதுரு 3:15-உம் அதைத்தான் கேட்கிறது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்கிறது. அங்கே முதலில் ஒருவர் வந்து விசாரிக்கிறார் என்பதைப் பலபேர் கவனிப்பதில்லை.

படி 1: கேட்பது யார், உண்மையில் கேட்பது என்ன?

ஒரே கேள்வி ஆளுக்கு ஆள் வேறு கேள்வியாக இருக்கும். "எல்லா சாமியும் ஒன்னுதானேப்பா" என்று சித்தி சொன்னால் அவருக்கு மதங்களின் ஒப்பீடு தேவையில்லை. பேரனுக்குக் காது குத்துகிற அன்றைக்கு நீ வருவாயா, வந்தால் சாப்பிடுவாயா, அதுதான் அவருடைய கவலை. அங்கே யோவான் 14:6-ஐ, இயேசு மூலமாக அல்லாமல் யாரும் பிதாவிடம் வர முடியாது என்ற வசனத்தை, எடுத்து வீசுகிறவர் சித்தி கேட்டதைக் காதிலேயே வாங்கவில்லை. "கண்டிப்பா வரேன் சித்தி" என்பதுதான் முதல் பதில்.

அதே வாக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி கேட்டால் விஷயம் வேறு. அவன் நிஜமாகவே யோசிக்கிறான், அவனிடம் "ஆமாமா எல்லாம் ஒன்னுதான்" என்று நழுவக்கூடாது. ஒத்துப்போகும் இடங்களை மனசார ஒத்துக்கொள்ளுங்கள், அன்பு, தருமம், பெற்றோரை மதிப்பது, இதெல்லாம் நம் ஏகபோகச் சொத்து இல்லை. வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்: கிறிஸ்தவம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாவையும் உயிர்த்தெழுதலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அது நடக்கவில்லை என்றால் மீதி எல்லாம் வீண்.

"காசு வாங்கிட்டுத்தான் மாறினீங்களாமே" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் வீட்டில் யாரோ மதம் மாறி, யாரோ அழுதிருப்பார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள், உங்கள் பதில் பிறகு இருக்கட்டும்.

படி 2: சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது

கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும், பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் (4)-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதக் கொள்கையைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. பேராக்கில் அதற்கென்று 1988-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மாமாக் கடையில் மலாய் நண்பர் "நீங்க ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" என்று கேட்டால் மனிதனுக்கு மனிதனாகப் பதில் சொல்லலாம். துண்டுப் பிரசுரம், புத்தகம், கூட்டத்துக்கு அழைப்பு, இதெல்லாம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் சபையில் சட்டம் படித்தவரைக் கேளுங்கள், யூடியூப்பைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம். 12(4)-ஆவது பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது காப்பாளர். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற இந்துத் தாயின் மூன்று பிள்ளைகளை, அவருடைய சம்மதம் இல்லாமல் தகப்பன் இஸ்லாத்துக்கு மதம் மாற்றிய வழக்கு நம் எல்லாருக்கும் தெரியும். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைப் பார்த்து வயிறெரிந்த நாம், பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்குத் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் டியூஷன் என்ற பெயரில் ஞாயிறு பள்ளி நடத்தினால் எந்த முகத்தோடு பேசுவது? டியூஷன் கொடுங்கள், தாராளமாக. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் கணக்கு மட்டும்தான்.

படி 3: உங்கள் சொந்த விசுவாசத்தை மூன்று நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள்

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கலாம், கூச்சமாக இருந்தால் மோட்டார் ஓட்டிக்கொண்டே. "இரத்தத்தால் கழுவப்பட்டேன், அபிஷேகம் இறங்கியது" என்றெல்லாம் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், வெளியாருக்கு அது பயமாகத்தான் இருக்கும்.

எது சரித்திரம், எது விசுவாசம் என்று பிரித்துச் சொல்லத் தெரிவது இதைவிட முக்கியம். இயேசு என்று ஒருவர் இருந்தார், பொந்தியு பிலாத்து காலத்தில் ரோமர்கள் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதைப் பெரும்பாலான சரித்திர ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள், விசுவாசம் இல்லாதவர்கள் உட்பட. கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காத ரோம சரித்திரக்காரர் தாசிட்டஸ் ஏறக்குறைய கி.பி. 116-இல் அந்தத் தண்டனையைக் குறிப்பிடுகிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 55. அதாவது சம்பவம் நடந்து இருபத்தைந்து வருடத்துக்குள், சாவுக்குப் பிறகு இயேசுவை உயிரோடு பார்த்தோம் என்று சொன்னவர்களின் பட்டியலை அவர் எழுதிவைக்கிறார், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். இதுவரை சரித்திரம். இயேசு உண்மையிலேயே எழுந்தார் என்பது விசுவாசம். "அதை நான் நம்புகிறேன், நிரூபித்துக் காட்ட முடியாது" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பவுலே அதே கடிதத்தில், கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பந்தயத்தை வெளிப்படையாக வைத்துவிடுகிறார்.

படி 4: திரும்பத் திரும்ப வரும் ஐந்து கேள்விகள்

"இது வெள்ளைக்காரன் மதம்தானே?" நம் ஊரில் இதற்கு எடை அதிகம், ஏனென்றால் பங்களாவில் இருந்த துரையும் கிறிஸ்தவர்தான், அவர் கீழே வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். மிஷன் வேலையும் காலனி ஆட்சியும் ஒரே கப்பலில் வந்த காலம் உண்டு. அப்புறம் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். தோமா கி.பி. 52-இல் கேரளக் கரைக்கு வந்தார் என்பது பாரம்பரியம், அதை உறுதிசெய்யப்பட்ட சரித்திரம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் ஆறாம் நூற்றாண்டில் அங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததற்குப் பயணக் குறிப்பு இருக்கிறது, இங்கிலாந்தில் பெரும்பகுதி அப்போது இன்னும் கிறிஸ்தவத்துக்கு வரவில்லை. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவப் போதனை நூல் தமிழில் அச்சாகிவிட்டது, புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் என்ற ஒன்றே இல்லாத காலம். இயேசுவும் ஒரு சாம்ராஜ்யத்தின் கீழே வாழ்ந்து, அந்தச் சாம்ராஜ்யத்தின் கையால் செத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் துரையின் பாவத்தைக் கழுவ அதைப் பயன்படுத்தாதீர்கள்.

"சாதியை ஒழித்தீர்களா?" இல்லை. இதற்கு நீளமான பதில் தேடாதீர்கள். கலாத்தியர் 3:28 யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன், ஆண் பெண் என்ற வேறுபாடு கிறிஸ்துவுக்குள் இல்லை என்கிறது. அதே வசனத்தை வைத்துக்கொண்டே தமிழ்நாட்டு வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வசதியாக காற்சட்டையின் இரண்டு கால் போலக் கோவிலைக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் கல்லறையில்கூடப் பிரித்துப் புதைத்த ஊர்கள் உண்டு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தன் ஊர் ஆட்களை, தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சாதியும் கப்பலேறித்தான் வந்தது. உங்கள் சபையில் வரன் பார்க்கும்போது "அவங்க என்ன ஆளுங்க" என்ற விசாரணை நடக்கிறதா இல்லையா? நடக்கிறது என்றால், கேட்கிறவரிடம் நடக்கிறது என்றே சொல்லுங்கள், அதை எதிர்த்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"அறிவியல் படித்தவன் எப்படி இதை நம்புவான்?" இங்கே நம்மவர்கள் பதறிப்போய் டார்வினைத் திட்ட ஆரம்பிப்பார்கள், அது பெரிய கேடு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலேயே எழுதி, பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர்பெற்ற கருத்தின் முதல் வடிவத்தை 1931-இல் முன்வைத்த ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. பட்டாணிச் செடியை வைத்து மரபு விதியைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு மடத்துத் துறவி. இது ஒரு பக்கம். கலிலியோவை 1633-இல் விசாரித்துத் தண்டித்ததும் திருச்சபைதான், அந்தத் தவறைப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது 1992-இல். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நாள்கணக்காக எடுப்பவர்களும் இருக்கிறார்கள், எடுக்காதவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பேரும் ஒரே சபையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகுஸ்தீன், வானத்தையும் பூமியையும் பற்றித் தெரிந்த ஒருவர் முன்னால் ஒரு கிறிஸ்தவர் வேதத்தைக் காட்டி உளறினால், அவர் வேதத்தையே சிரித்துத் தள்ளிவிடுவார் என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். எஸ்பிஎம் தேர்வுக்கு உயிரியல் படிக்கிற பிள்ளை ஞாயிறு பள்ளியில் கை தூக்கினால் "அதெல்லாம் கேட்கக்கூடாது" என்று உட்காரவைக்கிறார்களே, அந்தப் பிள்ளை கேட்டது டைனோசரைப் பற்றி மட்டும் இல்லை. யோசித்தால் என்னை இங்கே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறது.

"பாஸ்டருக்கு எப்படிப் புதுக் கார்?" கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். சபை வருடாந்திரக் கூட்டத்தில் வரவு செலவு வைக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள், வைக்கவில்லை என்றால் கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். காணிக்கை போட்டால் கடவுள் பத்து மடங்கு திருப்பித் தருவார் என்று சம்பள நாளைப் பார்த்துக் கூட்டம் போடுகிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன், நீங்களும் ஆதரிக்கத் தேவையில்லை.

"கடவுள் இருந்தால் ஏன் இப்படி?" இதற்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். நம் ஊர்க் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு ஊர்ப்பெயரே உண்டு: சயாம், இன்றைய தாய்லாந்து. 1942-லிருந்து 1943 வரை ஜப்பானியர் அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். போனவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார், கிறிஸ்தவரும் இருந்தார், ஜெபித்தவரும் ஜெபிக்காதவரும் ஒன்றாகத்தான் புதைந்தார்கள். "எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு" என்ற வாக்கியத்தை அந்தக் குடும்பத்துப் பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றால், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேதத்திலேயே யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது, கடைசியில் கடவுள் கோபப்பட்டதும் அந்த விளக்கக்காரர்கள் மீதுதான். கிறிஸ்தவர் சொல்லக்கூடியது மிகக் குறைவு: சிலுவையில் தொங்கியவரும் "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்தினார், நாங்கள் கும்பிடுகிற கடவுள் அந்த இடத்தில் இருந்தவர். இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அது காரணம் சொல்வதாகாது, துணைக்கு இருப்பது.

படி 5: பந்தியில், திருவிழாவில்

விவாதத்தைவிட விருந்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது புதுக் கேள்வி இல்லை, கொரிந்துவில் இதே சண்டை நடந்திருக்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 10-இல் சொல்வதன் சுருக்கம்: அழைத்த வீட்டில் முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு; இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனசாட்சிக்காக விட்டுவிடு. இதை வைத்துக்கொண்டு சபைகள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன, உங்கள் முடிவு உங்களுடையது. எப்படி மறுக்கிறீர்கள் என்பதுதான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிரசாதத்தைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்து முகத்தைச் சுளிப்பது கேவலம். "அக்கா, இது மட்டும் வேண்டாம், அந்தப் பாயசம் ரெண்டு கரண்டி போடுங்க" என்றால் யாருக்கும் மனசு நோகாது. தீபாவளிக்குப் போங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற நண்பனின் விரதத்தைக் கிண்டல் செய்யாதீர்கள், நாற்பத்தெட்டு நாள் நாக்கைக் கட்டுவது உங்களால் முடிகிறதா என்று தவக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நம் ஊரிலிருந்து போகிற பஸ்ஸில் இந்துக்களும் ஏறுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நேர்ந்துகொள்வார்கள். பஸ் கிளம்பியதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரசங்கம் வைக்காதீர்கள். அவராகவே "அன்னம்மாள் யாரு?" என்று கேட்டால், மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி என்று சொல்லுங்கள். கேள்வி அங்கேயே முடிந்தால் முடியட்டும்.

படி 6: வாட்ஸ்அப்பில்

குறைவாக எழுதுங்கள். மூன்று பொய்கள் வருடாவருடம் நம் குழுக்களில் சுற்றுகின்றன, அனுப்பாதீர்கள்: யோசுவா காலத்தில் காணாமல் போன நாளை நாசா கணினியில் கண்டுபிடித்தது, டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார், மாணவனாக இருந்த ஐன்ஸ்டைன் பேராசிரியரைக் கடவுள் விஷயத்தில் மடக்கினார். மூன்றும் கட்டுக்கதை. டார்வின் கதையை அவருடைய மகளே 1922-இல் மறுத்திருக்கிறார். ஒரு பொய்யை அனுப்பி மாட்டிக்கொண்டால், அடுத்த நாள் நீங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதையும் அதே தட்டில்தான் வைப்பார்கள். சிலைகளைக் கேலி செய்கிற வீடியோவும் வேண்டாம். பவுல் ஏதென்ஸில் சிலைகளைப் பார்த்து உள்ளுக்குள் கொதித்தார், ஆனால் வாயைத் திறந்தபோது அவர்களுடைய பக்தியைக் குறிப்பிட்டு, அவர்களுடைய கவிஞர்களையே எடுத்துப் பேசினார். அப்போஸ்தலர் 17, ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

படி 7: சபையை விட்டுப் போன பிள்ளையிடம்

சிங்கப்பூரில் வேலை செய்கிற மகன் விடுமுறைக்கு வந்து "நான் இப்ப கோவிலுக்குப் போறதில்லப்பா" என்றால், வீடு இரண்டாகும். முதல் இரவு ஒன்றும் பேசாதீர்கள். அம்மா அழுதால் அழட்டும், அதைக் காட்டி அவனை மிரட்ட வேண்டாம். மறுநாள் எப்போது இந்த யோசனை வந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவன் கடவுளை விட்டுப் போயிருக்க மாட்டான், ஒரு மனுஷனை விட்டுப் போயிருப்பான். மேடையில் அவன் அக்காவின் உடையைப் பற்றிப் பேசிய ஒருவரை, அல்லது அவன் சந்தேகத்தைப் பிசாசு என்று சொன்ன ஒருவரை. காரணம் நிஜமாகவே சந்தேகம் என்றால், தோமாவைச் சீடர் கூட்டத்திலிருந்து யாரும் துரத்தவில்லை. எட்டு நாள் கழித்து அவரும் அதே அறையில்தான் இருந்தார்.

படி 8: சாவு வீட்டில்

கலப்புக் குடும்பங்களில் எல்லாப் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இந்து மாமா தவறிவிட்டார், நீங்கள் கிறிஸ்தவ மருமகன். நெய்ப்பந்தம், வாய்க்கரிசி, சாம்பல் கரைப்பது, எதில் நீங்கள் சேருவீர்கள், எதில் சேரமாட்டீர்கள் என்பதைச் சவப்பெட்டி பக்கத்தில் நின்று முடிவு செய்யாதீர்கள். பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ முன்கூட்டியே கேட்டு, மனைவியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்ததும் முதல் ஆளாகப் போங்கள், கூடாரம் போடுவது, நாற்காலி எடுப்பது, டெத் சர்டிபிகேட்டுக்கு அலைவது, இதில் எந்த மதமும் இல்லை. பெரியவர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பா, நான் அரிசி போட மாட்டேன், மரியாதைக் குறைவா நினைக்காதீங்க, தூக்கும்போது முதல் ஆளா நிக்கிறேன், செலவுல என் பங்கை இப்பவே குடுத்துடறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் வாடலாம். ஏன் என்று கேட்கலாம். கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் போய் நாற்காலியைப் போடுங்கள்.